தகடு சொன்ன நிறம்

ஒரு பொருளைப் பழையபடி ஆக்குவது என்றால், எந்த நாளுக்குக் கொண்டுபோவது? அது உருவான நாளுக்கா, நம்மிடம் வந்து சேர்ந்த நாளுக்கா, நம் கையைவிட்டுப் போன நாளுக்கா? வெர்லின் டிரேகர் இதை ஒருநாளும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டவர் அல்ல. வேறு யாராவது கேட்டிருந்தால், "வேலவெட்டி இல்லாதவன் கேக்குற கேள்வி. போய் அந்த உப்புத்தாளை எடு" என்று சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய கடைசி வருடங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்த மனிதரின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியை மட்டுமே தூக்கிக்கொண்டு அலைந்ததாகத் தோன்றும்.

ஆப்பிள்டன் என்ற அமெரிக்க ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டிய வீடு. வாழ்நாள் முழுக்கக் காகித ஆலையில் வேலை. இயந்திரச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. மற்றக் காதையும் அவர் அதிகம் பயன்படுத்தியதில்லை. நேர்மையானவர். ஆனால் தன் நேர்மையை அடுத்தவர் மண்டையில் குட்டிக் காட்டுகிற வகை. மகளின் கல்யாண விருந்தில் சம்பந்தி வீட்டாரிடம், கேக் வெட்டிய கத்தி மழுங்கல் என்று சொன்னவர்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய ஸ்டேஷன் வேகன்களைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பந்தயக் கார் மாதிரி இருப்பவற்றை மட்டும் போற்றும் ஆட்கள் இதைக் கேலி செய்வார்கள். வாந்தியெடுக்கும் பிள்ளைகளையும் நனைந்த நாயையும் மளிகைப் பைகளையும் ஏற்றிக்கொண்டு போன நீள வண்டி. அதைப் போய் யாராவது பாதுகாப்பார்களா? யாரும் பாதுகாக்கவில்லை என்பதுதான் உண்மை. ஓட்டித் தேய்த்து, குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பின்கதவைத் தின்று முடித்ததும் நசுக்கப் போட்டுவிட்டார்கள். அதனால் மிச்சமிருப்பவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தேடித் திரிகிறவர்களும் கொஞ்சம். சனிக்கிழமை காலைகளில் அவர்கள் வெர்லினின் தகரக் கொட்டகையில் கூடுவார்கள். காபியும் டோனட்டும் இருக்கும். பேச்செல்லாம் துரு, கீல், கண்ணாடி ரப்பர்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் விரல் நீளத்தில் ஒரு தகடு அறைந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து இந்த வண்டி என்ன நிறத்தில், எந்த இருக்கைத் துணியோடு வெளியே வந்தது என்பது அதில் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு சொன்னபடி செய்தால் அது மீட்பு. செய்யாவிட்டால் வெறும் அலங்காரம். இந்தச் சட்டத்தை எல்லாரையும்விடக் கறாராகக் காத்தவர் வெர்லின்தான். அவருடைய நெடுநாள் நண்பர், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் கோர்டி வாண்டஹே, ஒருமுறை பழுப்பு நிற வேகன் ஒன்றுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"என்னடா இது, தீயணைப்பு வண்டியா?" என்றார் வெர்லின்.

"பழுப்பு பாக்கச் சகிக்கலடா. சேறு மாதிரி இருந்தது."

"சேறா பொறந்தா சேறாத்தான் இருக்கணும். உன் மூஞ்சியும்தான் சகிக்கல. மாத்திக்கிட்டியா?"

கொட்டகையே சிரித்தது. கோர்டியும் சிரித்தார். அடுத்த கோடையில் அந்த வண்டி பழுப்பாகத்தான் வந்தது.

வெர்லினின் மனைவி மைர்னாவுக்கு மறதி தொடங்கியதை யாரும் உடனே கவனிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் மறதியைக் கேலி செய்தே கடத்திவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வழக்கமாகப் போகும் உணவுவிடுதியில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, மைர்னா வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே போனாள்.

"மைர்னா, இங்க இருக்கு நம்ம வண்டி."

"இது இல்ல, வெர்லின். நம்ம நீல வண்டி எங்க?"

"எந்த நீல வண்டி?"

"என்ன இப்படிக் கேக்குற? ரெனேவுக்குப் பின்னாடி சீட்ல கம்பளி வச்சிருக்கேன். குளிரும் குழந்தைக்கு."

மகள் ரெனே அப்போது மினியாபோலிஸில் பள்ளித் தலைமையாசிரியை. நீல வண்டியை விற்று எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

அது எழுபதுகளில் இரண்டாம் கையாக வாங்கிய ஸ்டேஷன் வேகன். மைர்னா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அதில். பனி கொட்டிய நாளில், வெர்லின் ஆலை ஷிப்டில் மாட்டிக்கொண்டிருக்க, ரெனேவைப் பெற்றெடுக்க வலியோடு அவளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது அந்த வண்டியில். பின்னோக்கிப் பார்த்திருக்கும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ரெனே லாரிக்காரர்களுக்கு அழகு காட்டுவாள். அவர்கள் ஹாரன் அடித்தால் மைர்னாவும் திருப்பி அடிப்பாள். மற்றப் பேச்சில் சொற்கள் வழுக்கி விழத் தொடங்கிய பிறகும், இந்த வண்டியைப் பற்றிப் பேசினால் மட்டும் அவள் வாக்கியங்கள் முழுசாக வந்தன. எங்கே பெட்ரோல் போட்டது, எந்த ஏரிக்கரையில் டயர் புதைந்தது, நாய் எந்தச் சாண்ட்விச்சைத் திருடியது எல்லாம். வெர்லின் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அந்த வண்டியைத் தேடத் தொடங்கினார். உப்பில் கரைந்து போயிருக்கும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஷவானோ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. கடைசி ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்: ரெனே கத்தரிக்கோலால் தன் பெயரின் முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியது. வெர்லின் அந்தக் கீறலில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே நின்றார். கூடப் போயிருந்த கோர்டி வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"மைர்னாவைக் கூப்பிட்டுக் காட்டு" என்றார் கோர்டி. "இப்பவே."

"இந்தக் கோலத்துலயா? பின்கதவு பாதி இல்ல. சீட்ல எலி குடும்பம் நடத்துது."

"அவ எலியையா பாக்கப் போறா?"

"முடிச்சுட்டுக் காட்டுறேன். அவ பாக்கும்போது சரியா இருக்கணும்."

சரியாக இருப்பது என்றால் என்ன என்பதை அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. அதற்குத்தான் தகடு இருக்கிறதே.

துருவையும் கரியையும் துடைத்தபின் தகடு பேசியது. கரும்பச்சை. பக்கவாட்டில் மரப்பலகை போலத் தோன்றும் தாள் ஒட்டியது. வெர்லின் தம்பதியிடம் வருவதற்கு முன் ஒரு பால் நிறுவனம் அந்த வண்டியை வைத்திருந்தது. அவர்கள்தான் மரத்தாளை உரித்தெறிந்துவிட்டு முழுவதும் நீலம் அடித்திருந்தார்கள். வெர்லினுக்கு அது தெரியும். அந்தக் காலத்தில் தெரிந்து என்ன, விலை படிந்தது, வாங்கினார்கள். மைர்னாவோ விற்பனை மைதானத்தில் தூரத்திலிருந்தே "அந்த நீலம்" என்று கை காட்டியவள்.

"நீலமே அடிச்சுடலாம்டா" என்றார் கோர்டி. "யார் கேக்கப் போறா?"

"பால் கம்பெனிக்காரன் அடிச்ச மட்டமான பெயிண்ட் அது. முகமூடி. அடியில இருக்கறதுதான் வண்டி."

"உன் பொண்டாட்டிக்கு அந்த முகமூடியத்தானே தெரியும்?"

வெர்லின் தகட்டைத் துணியால் இன்னொருமுறை துடைத்தார். பிறகு சொன்னார்: "உன்னைப் பழுப்பு அடிக்க வச்சேன்ல? இப்ப நான் நீலம் அடிச்சா, வெர்லினுக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமான்னு நீயே கேப்ப."

"நான் கேக்க மாட்டேன்."

"நான் கேப்பேன்."

இதில் நேர்மை எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அடியில் இருக்கும் முதல் வண்டியை வெளியே கொண்டுவந்துவிட்டால், அதற்குமேல் நடந்ததெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நிறம் வெறும் தோல். மைர்னா உள்ளே ஏறி உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரியும் என்றார். பிறகு அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் தன் கையாலேயே அகற்றினார். கிரேயான் உருகிப் படிந்த இருக்கைத் துணி போயிற்று. நாய் கடித்த கைப்பிடி போயிற்று. மைர்னா கம்பி கட்டி நிறுத்தியிருந்த பின்கதவுத் தாழ் போயிற்று. புதிய தாழ் சத்தமில்லாமல் மூடியது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்குக்குப் பதில், வேறு ஒரு வண்டியிலிருந்து கீறலே இல்லாத ஒன்று கிடைத்தது. பழையவற்றைக் கோர்டியின் லாரி குப்பை மேட்டுக்குக் கொண்டுபோனது.

இரண்டு குளிர்காலம் பிடித்தது. ரெனே தொலைபேசியில் கத்தினாள்.

"அப்பா, அம்மா இன்னிக்கு என்னையே யாருன்னு கேட்டாங்க. நீங்க கொட்டகையிலயே குடியிருக்கீங்க."

"அவளுக்காகத்தான் இருக்கேன்."

"அவங்களுக்காக இருக்கறதுன்னா அவங்க பக்கத்துல இருக்கறது."

"முடியப் போகுது, ரெனே. மரத்தாள் மட்டும்தான் பாக்கி."

அந்தத் தாளை ஒட்டுவது சாதாரண வேலை அல்ல. சோப்புத் தண்ணீர் தெளித்து, நீளமான ஒரே துண்டாக, குமிழி விழாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கை நடுங்கினால் மடிப்பு நின்றுவிடும். எழுபதைத் தாண்டிய வெர்லினின் கை அன்றைக்கு நடுங்கவில்லை.

ஜூன் மாதத்து மதியம் ஒன்றில் மகளை வரவழைத்து, மைர்னாவின் கையைப் பிடித்துப் பின்படிகளில் இறக்கிக் கூட்டிவந்தார்கள். கோர்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெர்லின் வண்டியைக் கொட்டகையிலிருந்து மெல்ல ஓட்டிவந்து புல்லோரத்தில் நிறுத்தி, இறங்கி, தள்ளி நின்றார். கரும்பச்சை வெயிலில் ஈரம்போல மின்னியது. அந்த நீளமும் அந்த மரவரிகளும், தொழிற்சாலை வாசலில் அது முதல்முதல் நின்ற காலையைப் போலவே இருந்தன. அந்தக் காலையில் டிரேகர் குடும்பத்தார் யாரும் அங்கே இல்லை.

மைர்னா வண்டியைப் பார்த்தாள். கைப்பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசும் குரலில் சொன்னாள்:

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. யாரோட வண்டி?"

"நம்மளோடது, மைர்னா. நம்ம வேகன்."

"இல்லைங்க. எங்களோடது நீலம்." அவள் ரெனேவிடம் திரும்பினாள். "இவர் தப்பா வந்துட்டார்னு நினைக்கிறேன். வழி சொல்லி அனுப்பு, பாவம்."

"அம்மா, இது அப்பா."

மைர்னா வெர்லினை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை. "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார்" என்றாள். "வண்டி அவர்கிட்ட இருக்கு. இப்ப வந்துடுவார்."

உள்ளே ஏற்றி உட்கார வைத்தார்கள். புதுத் துணியின் வாசனைக்கு மூக்கைச் சுளித்தாள். யாருடைய பொருளோ அழுக்காகிவிடக் கூடாது என்பதுபோல ஷூவை உயர்த்தியே வைத்திருந்தாள். வீட்டுக்குள் திரும்பியதும், சமையலறை மேசையருகே வெர்லின் காபி ஊற்றியபோது, "எப்ப வந்த நீ? வண்டியை எங்க விட்ட?" என்று கேட்டாள்.

அன்று தொடங்கியது காத்திருப்பு. அதுவரை நீல வண்டி அவளுக்குப் பேச்சில் வரும் பொருள். அதன்பின் அது இன்னும் வந்துசேராத பொருள். இங்கெல்லாம் பொழுது இருக்கும்போதே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். மைர்னா தட்டுகளை வைத்துவிட்டு ஜன்னலருகே நிற்பாள். வெர்லின் எதிரே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பவர் வெர்லின் என்பதும் அவளுக்குத் தெரியும். வெர்லின் நீல வண்டியில் வரவேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. அவரைத்தான் தொந்தரவு செய்தன.

"சாப்பிடு, மைர்னா. ஆறுது."

"வண்டி வரட்டும்."

"வண்டி வராது."

"ஏன்? என்ன ஆச்சு?" என்று அவள் முகம் வெளிறிப்போவாள். விபத்து என்று நினைத்துவிடுவாள். பிறகு அவளைத் தேற்றுவதற்குள் சாப்பாடு கல்லாகிவிடும். அதனால் வராது என்று சொல்வதை விட்டார். வரும் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. பழைய போட்டோக்களைக் காட்டினார். அவற்றில் இருந்த நீலத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் ஆவலாக ஜன்னலுக்குப் போனாள். பழைய இருக்கைத் துணியில் ஒரு துண்டாவது கிடைக்குமா என்று குப்பை மேட்டுக்குப் போனார். அங்கே மண் போட்டு மூடிப் புல்லும் விதைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆகஸ்டில் ஓஷ்காஷில் நடந்த வேகன் கண்காட்சிக்குக் கோர்டிதான் வற்புறுத்தி வண்டியைக் கொண்டுபோனார். நடுவர்கள் குனிந்து தகட்டைப் படித்தார்கள், நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார்கள். முதல் பரிசு. கோப்பையை வெர்லின் கொட்டகை அலமாரியில், வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார்.

இலையுதிர்காலத்தில் மைர்னா மெலியத் தொடங்கினாள். ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போன பிறகும் கோர்டி போகவில்லை.

"திங்கட்கிழமை வண்டியை எடுத்துட்டு வாடா. பட்டறையைக் காலியா வச்சிருக்கேன். அந்த நீலத்தைக் கலந்தும் வச்சுட்டேன். உன் பழைய போட்டோவை வச்சுத்தான். ரெண்டே வாரம். தாளை உரிச்சுட்டு அடிச்சுத் தந்துடறேன்."

வெர்லின் காபிக் கோப்பையையே பார்த்தார். "நீலமானா அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறியா?"

"தெரியாது. தெரியலாம். பச்சையில தெரியாதுன்னு மட்டும் தெரியும்."

"தாழ் சத்தம் போடாது. கைப்பிடியில நாய் கடிச்சது இருக்காது."

"நானே கடிச்சு வைக்கிறேன். போதுமா?"

வெர்லின் சிரித்துவிட்டார். வெகுநாள் கழித்துச் சிரித்தார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கோர்டி அவர் தோளைத் தொடவில்லை. அந்த ஊரில் அப்படித் தொட்டால் இருவருக்குமே சங்கடம். "திங்கட்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மதியம், பக்கத்து வீட்டுப் பெண்ணை மைர்னாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, வெர்லின் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோர்டி பட்டறைக் கதவைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார். வண்டி சாலைமுனையில் தெரிந்தது. பட்டறை வாசலில் திரும்புவதற்கு விளக்கும் போட்டது. பிறகு விளக்கு அணைந்தது. வண்டி அதே வேகத்தில் கடந்துபோயிற்று. வெர்லின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். எதிரே வருபவர் யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் வணக்கமாகக் காட்டும் அதே விரல்.

அவர் நேரே வீட்டுக்குத்தான் போனார். ஆனால் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வண்டியை வீட்டின் முன்பக்கம், தெருவோரம் நிறுத்தினார். இங்கே சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவரும் பின்கதவு வழியாகத்தான் வருவார்கள். முன்கதவுக்கு வருகிறவர் பிரசங்கியோ விற்பனைக்காரரோ அந்நியரோதான். வெர்லின் தன் வீட்டு முன்படிகளில் ஏறி, தொப்பியைக் கழற்றி, மணியை அடித்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் திறக்க வந்தாள். மைர்னா அவளை முந்திக்கொண்டு திறந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தோளுக்குமேல் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "பச்சை வண்டிக்காரர்தானே? அன்னிக்கு வழி தப்பி வந்தீங்களே."

"ஆமாங்க" என்றார் வெர்லின். "இன்னிக்கு வழி தெரிஞ்சு வந்தேன். உங்க வீட்டுக்காரர் வர நேரமாகும் போல. அதுவரைக்கும் ஆத்துப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாமான்னு கேக்க வந்தேன்."

மைர்னா யோசித்தாள். "அவர் வந்துட்டா?"

"வழியில எதிர்ல வந்தா நிறுத்திடறேன்."

"அவர் கொஞ்சம் முரடு. எடுத்தெறிஞ்சு பேசிடுவார். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்க மாட்டேங்க."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். அவர் கதவைத் திறந்துவிட்டார். தன் மனைவிக்கு அவர் அதுவரை கார்க்கதவைத் திறந்துவிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆற்றோரச் சாலையில் அவள் தன் கணவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பனியில் தனியாக வண்டி ஓட்டிப்போனது, அவன் ஷிப்டு முடிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கையெல்லாம் காகிதக் கூழ் ஒட்டியிருந்தது, குழந்தையைத் தொடப் பயந்துகொண்டு கதவருகேயே நின்றது. "உங்களை மாதிரி மெதுவா ஓட்ட மாட்டார்" என்றாள். "ஆனா வந்துடுவார்." வெர்லின் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி வந்து முன்வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் விட்டு, பின்கதவு வழியாக உள்ளே போனார். மைர்னா தட்டில் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பிட்டாள், மறுநாள் சாப்பிடவில்லை, அதற்கு மறுநாள் பாதி சாப்பிட்டாள். அந்தச் சவாரி எதையும் குணப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. ஜன்னலருகே நிற்பதும் நிற்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு மதியமும், பனி கொட்டாத நாளெல்லாம், அவள் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போகும்வரை, அவர் பின்கதவு வழியாக வெளியேறி, வண்டியை எடுத்து, வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து மணியடித்தார். கோர்டி கலந்துவைத்த நீலம் டப்பாவிலேயே இறுகிவிட்டது. ஏன் அன்றைக்குப் பட்டறைக்குள் திரும்பவில்லை என்று கோர்டி கேட்டார். ரெனே அழுதுகொண்டே கேட்டாள். மைர்னாவின் அடக்கத்துக்குப் பிறகு பாதிரியார்கூட ஒருமுறை ஜாடையாகக் கேட்டார். வெர்லின் கோர்டியிடம் ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று பேசினார். ரெனேவிடம் ஒன்றும் பேசவில்லை. பாதிரியாருக்குக் காபி ஊற்றினார். அவர் சாகும்வரை அந்த வண்டி பச்சையாகவே இருந்தது, மைர்னா போன பிறகு அவர் அதைக் கொட்டகையில் விடாமல், முன்கதவுக்கு எதிரே தெருவோரத்திலேயே நிறுத்தினார்.